தட்டை உலகும் தட்டையான வாதமும்

உலகம் உருண்டை என்பதைத் தொடக்கப்பள்ளி மாணவனும் அறிவான். ஆயினும் அஃது ஒரு வட்டத் தட்டு என்று வாதிடுவோர் கூட்டம் இன்னும் மறைந்தபாடில்லை. 1972ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் அப்பல்லோ 17 விண்கலத்தினர் எடுத்த பூமியின் படத்தைக் காட்டினால், படம் எடுத்தவர்களே சூழ்ச்சிக்காரர்கள் என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவிடுவர். இவர்களை அறிவியலார் அறிவியல் கொண்டு மறுத்துவிட்டனர். தமிழ் பயில்வோராகிய நாம் நம் கையிலுள்ள கோலைக் கொண்டே அளந்து பார்ப்போமே! நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து எனப் பவணந்தியார் நன்னூலில் வகுத்துள்ளார். அவற்றுள் சிலவே இவ்வழக்கிற்குப் போதும்.

இக்கூட்டத்தின் மூலநூல் இங்கிலாந்தில் பிறந்தது. சாமுவேல் ரோபாதம் என்பவர் ‘பாரலாக்ஸ்’ என்னும் புனைபெயரில் 1849ஆம் ஆண்டில் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். பின்னர் அதுவே பெருநூலாக விரிந்தது. வடதுருவம் தட்டின் நடுவிடம். தென்புறம் அதன் பனிவிளிம்பு. ஞாயிறும் திங்களும் அத்தட்டின்மேல் அருகிலேயே சுற்றித் திரிவன. இதுவே நூலின் சாரம். 1838ஆம் ஆண்டில் பெட்போர்டு கால்வாயில் இறங்கி, நீர்மட்டத்திற்கு 8 அங்குலம் மேலே கண்ணை வைத்து, 6 மைல் தொலைவு சென்ற படகைப் பார்த்தாராம், படகு மறையவில்லையாம், ஆகவே உலகம் தட்டையாம்.

நீரை ஒட்டிய காற்றில் ஒளி வளைந்து வரும் என்பதும், அதனால் மறைந்த பொருளும் உயர்ந்து தோன்றும் என்பதும் அம்முடிவில் இடம்பெறவில்லை. இது குன்றக் கூறல். கண்ணால் கண்டதையே நம்புவோம் என்று தொடங்கிய அதே ஆசிரியர், சந்திர கிரகணத்திற்குக் காரணம் கேட்டால், எவர் கண்ணுக்கும் புலப்படாத இருண்ட கோள் ஒன்று குறுக்கே வருகிறது என்கிறார். காணாததைக் கண்டவர் யாரோ? இது மாறுகொளக் கூறல். இன்று அவர் வழிவந்தோர், வினாவுக்கு விடை கூறாமல் அரசுகளின் சதியை அத்தியாயம் அத்தியாயமாக வருணிப்பது மற்றொன்று விரித்தல். நடுக்கடலில் மாலுமி ஒருவனும் அந்நூலை விரித்து வழி தேடுவதில்லை என்பதால் அது நின்று பயன் இன்மையும் ஆகும்.

இவற்றைக் காட்டச் சீமைக் கால்வாய் வரை செல்லவும் வேண்டா. நம் வானமே சான்று. சென்னையில் வடதிசை நோக்கி நிற்பவனுக்குத் துருவ விண்மீன் ஏறத்தாழ 13 பாகை உயரத்தில் தெரியும். பினாங்கில் அது 5 பாகையாகத் தாழும். சிங்கப்பூரிலோ 1 பாகை அளவில் அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும். தெற்கே 111 கிலோமீட்டர் செல்லச் செல்ல ஒரு பாகை இறங்கும் இவ்வொழுங்கு உருண்டைக்கே உரியது. கேப்டவுனில் நிற்பவனும் பெர்த்தில் நிற்பவனும் தெற்கு நோக்கினால், ஒரே தென்துருவப் புள்ளியைச் சுற்றியே விண்மீன்கள் சுழலக் காண்பர். தட்டின் படத்தில் அவ்விருவரும் விளிம்பின் வெவ்வேறு புறங்களை நோக்கி நிற்பவர்கள் ஆயிற்றே! அவர்கள் ஒரே புள்ளியைக் காண்பது எங்ஙனம்?

இவ்வளவு தெளிவாகக் காட்டினால் அவர்கள் ஒப்புக்கொள்வார்களா? இவ்விடத்தில், நம் மண்ணை நன்கறிந்த ஒருவரின் அனுபவம் நமக்குப் பாடமாகிறது. ஆல்பிரட் ரசல் வாலஸ் 1854ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்திறங்கி, புக்கிட் தீமா காட்டில் வண்டுகளைத் திரட்டியவர். 1862ஆம் ஆண்டு வரை மலாய்த் தீவுகளில் அலைந்து ஆய்ந்தவர். 1870ஆம் ஆண்டில் ஜான் ஹாம்ப்டன் என்னும் தட்டை உலகவாதி, நீர்ப்பரப்பின் வளைவைக் காட்டுவோருக்கு 500 பவுன் தருவதாகப் பந்தயம் கூறினார். நிலவியல் அறிஞர் சார்லஸ் லயலின் அறிவுரையைக் கேட்டு வாலஸ் அதனை ஏற்றார்.

இடம் அதே பெட்போர்டு கால்வாய். 6 மைல் இடைவெளியில் இரு பாலங்கள். ஒரு பாலத்தில் தொலைநோக்கி. மறு பாலத்தில் கருங்கோடிட்ட வெள்ளைத் துணி. நடுவே நட்ட கழியில் செந்நிற வட்டு. மூன்றும் நீர்மட்டத்திற்கு மேலே ஏறத்தாழ 13 அடியில் ஒரே உயரம். நீரை ஒட்டிய காற்றின் மயக்கம் குறைய வேண்டும் என்பதற்கே அந்த உயரம். உலகம் தட்டையாயின் மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நடுவட்டோ அக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 5 அடி உயர்ந்து தோன்றியது! நடுவர் வால்ஷ் வாலஸுக்கே வெற்றி என்றார்.

தோற்றவர் என்ன செய்தார்? ஹாம்ப்டன் தொலைநோக்கியில் கண்ணை வைக்கவே மறுத்துவிட்டார்! தம் சார்பாளர் கண்டது போதும் என்றார். அச்சார்பாளரோ கண்டபின்னும் உலகம் தட்டை என்றே சாதித்தார். பின்னர் ஏறத்தாழ 15 ஆண்டுகள் வாலஸை வசைமடல்களால் வதைத்தார் ஹாம்ப்டன். வாலஸின் மனைவிக்கும் மிரட்டல் எழுதினார், அவதூறுக்காகச் சிறை சென்றார், மீண்டும் எழுதினார். பந்தயம் சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றம் 1876ஆம் ஆண்டில் தீர்ப்பளிக்கவே, பணமும் அவரிடமே திரும்பியது. வென்றவருக்கு மிஞ்சியது மனவருத்தமும் பொருளிழப்புமே.

வாலஸையும் நாம் தெய்வமாக்க வேண்டா. ஆவிகளோடு பேசலாம் என்று நம்பியவர் அவர்; அம்மைத் தடுப்பூசியை எதிர்த்து எழுதியவரும் அவரே. கால்வாயில் வென்றது அவருடைய பெயரன்று, அவர் கையாண்ட முறை. அம்முறையை விட்டு விலகிய இடங்களில் அவரும் சறுக்கினார்.

ஆசிரியர் கருத வேண்டியது இதுவே. “உலகம் உருண்டை என்று எப்படி ஐயா தெரியும்?” என்று வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டால், நகைக்காதீர்கள், புத்தகத்தில் இருக்கிறது என்று வாயடைக்கவும் செய்யாதீர்கள். வாயடைக்கப்பட்டவன், தன் ஐயத்தை மதிப்பதாகப் பாசாங்கு செய்யும் ஹாம்ப்டன்களைத் தேடிப் போவான். இன்று அவர்கள் அவன் கைப்பேசியிலேயே காத்திருக்கிறார்கள்! மாறாக அவனைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, விலகிச் செல்லும் கப்பலின் அடிப்பகுதி முதலில் மறைவதைக் காட்டுங்கள். பிறகு ஒரு வினாவை அவனிடம் விடுங்கள்: “எதைக் கண்டால் நீ உன் கருத்தை மாற்றிக்கொள்வாய்?”

விடை வைத்திருப்பவன் ஐயுறுபவன். அவன் நம் மாணவன். எதைக் கண்டாலும் மாறேன் என்பவனுக்கு ஐயமே இல்லை, இருப்பது பிடிவாதம். பிறரை மட்டும் ஐயுற்றுத் தன்னை ஒருபோதும் ஐயுறாத உள்ளம், உருண்டை உலகில் வாழ்ந்தும் தட்டையாகவே தங்கிவிடுகிறது.