நாணத்தின் மீது சுமத்திய பழி

நம் பெண்கள் கூச்சம் மிக்கவர்கள். ஆதலால் பரிசோதனைக்கு வருவதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் கேட்கும் விடை இதுவே. இவ்விடையில் ஒரு வசதி உண்டு. குற்றம் முழுவதும் பெண்ணின் தலையில் ஏறிவிடுகிறது. வைத்திய நிலையமும் பாடசாலையும் எழுத்தாளனும் கைகழுவிக்கொள்ளலாம். ஆகவே இதை உரைத்துப் பார்ப்பது விமர்சகனின் கடமையாகிறது.

ஆலையடிவேம்பையே எடுத்துக்கொள்வோம். பனங்காடு, கோளாவில் முதலிய ஊர்களைக் கொண்ட இப்பிரதேசத்தில் சிறுமி ஒருத்தி பூப்பெய்தினால் பந்தலிடுகிறோம், ஒலிபெருக்கி கட்டுகிறோம், அழைப்பிதழும் அச்சிடுகிறோம். அவளுடைய கருப்பை அன்று ஊர்ச்செய்தி. அதே பெண் பின்னாளில், மாதவிடாய்க்கு இடையே உதிரம் கண்டால், அதைத் தாயிடங்கூட மெல்லவே சொல்லவேண்டியிருக்கிறது. இது நாணமா? குலம் பெருக்கும் கருவியாக உள்ளவரை கொண்டாடப்படும் உறுப்பு, அவளுடைய சொந்த உறுப்பாகி நோயுறும்போது இரகசியமாகிவிடுகிறது. நாணம் பிறவிக்குணமன்று; சமூகம் வகுத்த ஒழுங்கு.

இந்நோய் மெல்ல வருவது. அதற்குக் காரணமான பாப்பிலோமா வைரஸைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேற்செல்லும். அதற்குள் கண்டால் தடுக்கலாம். எனினும் 2022இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3,50,000 பெண்கள் இதனால் மாண்டனர். இலங்கையில் 1996 முதல் மகளிர் நலக் கிளினிக்குகள் இலவசமாக நடைபெறுகின்றன. 35 வயதுப் பெண்களே அவற்றின் முதன்மை இலக்கு, அடுத்து 45 வயதினர். 2017 முதல் தரம் 6 மாணவியருக்குத் தடுப்பூசியும் வழங்கப்படுகிறது. வழியில்லாமல் மடிகிறோம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆனால் பதினொரு வயதின் ஊசிக்கும் முப்பத்தைந்தாம் வயதின் அழைப்புக்கும் இடையே அவளோடு பேசுபவர் யார்? குடும்பநல மாதின் பதிவேடு குடும்பங்களின் வழியே நடக்கிறது. மணமாகாதவள் அதில் இல்லை. அவளாகவே சென்றால், “இவளுக்கு அங்கே என்ன வேலை?” என்று ஊர் கேட்கும். பரிசோதனையை ஒழுக்கச் சான்றிதழாக வாசிக்கும் இந்த நோக்கே முதற் பகை. தாம்பத்திய உறவு கொண்ட ஆண் பெண் பெரும்பாலோரை இவ்வைரஸ் ஒருகால் தொட்டே செல்கிறது. பெரும்பாலும் தானே நீங்கியும் விடுகிறது. இதில் மானம் போவதற்கு ஒன்றுமில்லை. வயலில் கூலிக்குக் களை பிடுங்குபவளுக்கு ஒரு நாட் கூலி போவதோ மெய்யான இழப்பு. அதைக் கூச்சம் என்று எழுதிவிடுவது எளிது.

இருபது வயதுப் பெண் இன்றே வரிசையில் நிற்கவேண்டுமென்பதன்று நம் வாதம். பிரிட்டனில் 25இல் அழைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பொதுவாக 30இலிருந்து தொடங்கச் சொல்கிறது. அழைப்பு வரும் நாளில் அஞ்சாது செல்வதற்குரிய அறிவும், ஒவ்வாத உதிரப்போக்கு எவ்வயதிலும் வைத்தியருக்கு உரியது என்ற தெளிவும் இருபதிலேயே வேண்டும்.

இங்கே கலை செய்ததென்ன? ‘பாலும் பழமும்’ (1961) படத்தில் புற்றுநோய் நாயகனின் ஆராய்ச்சி இலட்சியம். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) படத்தில் காதலையும் தியாகத்தையும் சோதிக்க வரும் விதி. அவற்றின் வழிவந்த கதைகள் பலவும் நோய் வந்தபின் அழக் கற்றுக்கொடுத்தன. வருமுன் காணக் கற்றுக்கொடுக்கவில்லை. கிளினிக்கின் வாங்கில் கைப்பையை மடியில் இறுக்கி அமர்ந்திருக்கும் பெண் நம் சிறுகதைகளில் எங்கே?

கூச்சம் வெல்ல முடியாததன்று என்பதற்குத் திண்டுக்கல் சாட்சி. 2000இல் தொடங்கி அம்மாவட்டத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற தாதியர் நீர்த்த அசெற்றிக் அமிலம் தடவிப் பரிசோதித்தனர். தகுதியுடைய 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். அந்நோய் மரணங்கள் 35 வீதம் குறைந்ததென 2007இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. அப்பெண்கள் நம்மவரைவிட நாணம் குறைந்தவரல்லர். பரிசோதனை அவர்களைத் தேடி ஊருக்கு வந்தது, செய்தவர்கள் பெண்கள், முடிவு உடனே தெரிந்தது. மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டோர் அங்கும் வரவில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. எஞ்சிய பணி எவ்வளவு என்பதை அது காட்டுகிறது.

நம்மிடம் ஒரு தனிவலிமை உண்டு. இக்கரையோரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொள்ளும் தாய்வழிக் குடிமரபில் வீடு மகளுக்கே செல்கிறது. தாயும் மகளும் சகோதரியரும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்கிறார்கள். வீட்டைக் கொடுக்கும் தாய், அறிவையும் கொடுக்கலாகாதா? தன் பரிசோதனை நாளில் மகளையும் உடன் அழைத்துச் செல்லட்டும். கிளினிக் கதவுக்குத் திரையிடட்டும். முடிவை இரகசியமாய்க் கையில் கொடுக்கட்டும். கூலிப்பெண்ணுக்கு ஏற்ற நேரத்தில் திறக்கட்டும். எழுத்தாளர்களோ, கருப்பைக் கழுத்து என்ற சொல்லைத் தயங்காமல் எழுதட்டும். அச்சொல்லை நாம் எழுதக் கூசும்வரை, அவள் அதை வைத்தியரிடம் சொல்லக் கூசுவதைப் பழிக்க நமக்குத் தகுதியில்லை.