வகையும் விருந்தும்

சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பர் தன் கையெழுத்துப் பிரதி ஒன்றை என்னிடம் படிக்கக் கொடுத்தார். பதினோரு பக்கங்கள். இறந்துபோன தகப்பனார் விட்டுச்சென்ற சாமான்களைப் பற்றியது. ஒரு குடை, மூக்குக்கண்ணாடிக் கூடு, நூல் சுற்றிய மருந்துச் சீட்டுக் கட்டு, எழுதித் தபாலில் சேர்க்காத மூன்று இன்லண்டு கடிதங்கள். ஒவ்வொன்றும் வீட்டில் எங்கே இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் சித்தப்பா ஒருவர் வந்து குடையைக் கேட்கிறார். கையில் வாங்கியதும் அழுகிறார். பிரதியை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "கடைசிப் பக்கம் நன்றாக வந்திருக்கிறது. மற்றபடி இது சிறுகதை ஆகவில்லை" என்றேன். அவர் பதில் சொல்லாமல் பிரதியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அதன்பின் அவர் எழுதி எதையும் நான் பார்க்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியது. 'இது சிறுகதை ஆகவில்லை', 'இது கவிதையே இல்லை', 'இதை நாவல் என்று எப்படி ஒப்புக்கொள்வது' என்பவை நம் வட்டத்தில் அன்றாடம் புழங்கும் வாக்கியங்கள். பார்வைக்கு இவை வகைப்படுத்துகிற வாக்கியங்கள். செய்கிற காரியமோ தீர்ப்பு. ஒரு படைப்பு எந்த அலமாரியில் சேரும் என்று சொல்வதுபோல ஆரம்பித்து, அதற்கு அலமாரியே கிடையாது என்று முடித்துவிடுகிறோம். இப்படிச் சொல்ல நமக்கு என்ன ஆதாரம்?

எனக்கிருந்த ஆதாரம் பி.ஏ. ஆங்கில வகுப்பில் கிடைத்தது. டபிள்யு. எச். ஹட்சன் 1910-ல் எழுதிய இலக்கிய அறிமுக நூலை நம் கல்லூரிகளில் பல தலைமுறைகள் படித்திருக்கின்றன. கவிதைக்கு ஓர் அத்தியாயம், நாவலுக்கு ஓர் அத்தியாயம், நாடகத்துக்கு ஓர் அத்தியாயம். மாணவனுக்கு இது சௌகரியம். ஆனால் பரீட்சை முடிந்த பிறகும் அத்தியாயங்கள் மண்டைக்குள் சுவர்களாக நின்றுவிடுகின்றன. தன்னுணர்ச்சிப் பாடல், காவியம், நாடகம் என்ற முப்பிரிவு அரிஸ்டாட்டில் வகுத்தது என்றும் எங்களுக்குச் சொல்லப்பட்டது. அவர் அப்படி வகுக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கும் 'கவிதையியல்' பெரும்பகுதி துன்பியல் நாடகத்தைப் பற்றியது. அடுத்த இடம் காவியத்துக்கு. தன்னுணர்ச்சிப் பாடலுக்கு அதில் தனி வகை என்ற ஸ்தானமே இல்லை. முப்பிரிவைப் பிற்காலத்தவர் அவர் தலையில் கட்டினார்கள் என்பதை ஜெரார் ஜெனத் 1979-ல் விரிவாகக் காட்டினார். இன்னொன்றும் உண்டு. அந்த நூலின் தொடக்கத்திலேயே அரிஸ்டாட்டில், ஸோஃப்ரோனின் உரைநடைக் கூத்துகளையும் ஸாக்ரடீஸ் உரையாடல்களையும் குறிப்பிட்டு, இவற்றைச் சேர்த்துச் சொல்ல நம்மிடம் ஒரு பொதுப்பெயர் இல்லை என்கிறார். வகைகளின் பிதாமகன் என்று நாம் கருதுகிறவர் பெயரில்லாத வகை உண்டென்று ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார். வகுப்பில் இந்த இடத்தை யாரும் நிறுத்திப் படித்ததில்லை.

இதற்கு எதிர்க்கட்சியும் நம்மிடையே உண்டு. 'வகையாவது ஒன்றாவது, எல்லாம் எழுத்துதான்' என்பது அவர்கள் கோஷம். இதன் வலுவான வடிவத்தை 1902-ல் இத்தாலியச் சிந்தனையாளர் குரோச்சே சொல்லிவிட்டார். ஒவ்வொரு வெளிப்பாடும் தனித்தது. வகை என்பது நூலகத்துக்கு உபயோகப்படலாம், அழகியலுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. நண்பருக்கு நான் செய்ததை நினைக்கும்போது எனக்கும் இந்தப் பக்கம் சாய்ந்துவிடத்தான் தோன்றுகிறது. ஆனால் சாய முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

நான் வங்கியில் குமாஸ்தா. ஒருவர் வெறும் தாளில் ஐநூறு ரூபாய் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கவுண்டரில் நீட்டினால் நான் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பணம் கட்டும் சலானில் எழுதினால் அது வரவு. பணம் எடுக்கும் சீட்டில் எழுதினால் பற்று. எண்ணும் கையெழுத்தும் அவையேதான். அந்த எண்ணை நான் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சீட்டுதான் எனக்குச் சொல்கிறது. இலக்கியத்திலும் இது நடக்கிறது. 'இன்றைக்கும் மழை இல்லை' என்ற வாக்கியம் நாட்குறிப்பில் இருந்தால் அதை நம்புகிறோம். நாடகத்தில் இருந்தால் யார் யாரிடம் சொல்கிறார்கள், எதை மறைக்கச் சொல்கிறார்கள் என்று பார்க்கிறோம். நாவலின் முதல் பக்கத்தில் இருந்தால் மழைக்காகவோ பஞ்சத்துக்காகவோ காத்திருக்கத் தொடங்குகிறோம். தனியே ஒரு வரியாகக் கவிதையில் நின்றால் 'உம்' என்ற அந்த ஓர் இடைச்சொல்லில் தங்கிவிடுகிறோம். வகை என்பது வாசகன் எந்த எதிர்பார்ப்போடு உள்ளே வர வேண்டும் என்கிற ஏற்பாடு. இந்த ஏற்பாடு இல்லாமல் நாம் ஒரு வாக்கியத்தைக்கூடப் படிப்பதில்லை. வகையே வேண்டாம் என்கிறவர், தாம் எந்த வகையாக வைத்துப் படிக்கிறோம் என்பதைக் கவனியாமல் படிக்கிறார், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டைப் பற்றி நம் இலக்கணம் யோசித்திருக்கும் அளவு ஹட்சனிடம் இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. தொல்காப்பியச் செய்யுளியல் யாப்பின் பரப்பில் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழைச் சேர்க்கிறது. விடுகதையும் பழமொழியும் வசையும் மந்திரமும் பாட்டோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. பாட்டு ஒன்றுக்குத்தான் அடிவரையறை. மற்ற ஆறுக்கும் இல்லை. இது புற உருவத்தை வைத்துச் செய்த பிரிவு. இதோடு அந்த இயல் நிற்கவில்லை. செய்யுளின் முப்பத்துநான்கு உறுப்புகளில் அசை, சீர், தொடை இவற்றோடு கூற்று, கேட்போர், களன், காலம், துறை என்பவற்றையும் வைக்கிறது. யார் சொல்கிறார், யார் கேட்கிறார், எந்த இடத்தில், எப்போது, எந்தச் சந்தர்ப்பத்தில் என்பவை சீருக்கும் தொடைக்கும் சமமான உறுப்புகள். ஓர் அகப்பாட்டின் கீழ் 'தோழி கூற்று' என்ற குறிப்பு இருக்கிறதே, அது அந்தப் பாட்டின் வகையைச் சொல்கிறது. அது தெரியாதவனுக்கு அதே வரிகள் வேறு ஏதோ ஒன்றாகத்தான் கிடைக்கும்.

பின்னால் வந்த பாட்டியல் நூல்களில் இந்த உயிர் வடிந்துபோகிறது. பிரபந்தங்கள் தொண்ணூற்றாறு என்று ஒரு கணக்கு ஏற்பட்டது. பிள்ளைத்தமிழ் என்றால் பத்துப் பருவம். உலா என்றால் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள். எதை எழுத வேண்டும் என்பது முன்கூட்டியே அச்சடித்து வைக்கப்பட்ட படிவம் ஆயிற்று. புலவர் பெயரையும் ஊரையும் பூர்த்தி செய்தார். படிவத்துக்குள் இருந்துகொண்டே அதை மீறியவர்கள் உண்டு. முக்கூடற்பள்ளு ஓர் உதாரணம். ஆனால் வாசகனுக்கான ஏற்பாடு எழுத்தாளனுக்கான விதியாக மாறும்போது வகை செத்துப்போகிறது என்பதற்கு நம் சிற்றிலக்கியக் குவியலைவிட வேறு சாட்சி வேண்டாம். இருபதாம் நூற்றாண்டில் யாப்பை வைத்துக்கொண்டு புதுக்கவிதையை எதிர்த்தவர்கள் இந்தப் பாட்டியல் மனோபாவத்தின் வாரிசுகள். பாரதி 'காட்சி' எழுதியபோது அவருக்கு முன் அச்சு எதுவும் இல்லை. ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' 1934-ல் மணிக்கொடியில் வந்தது. அந்த உருவத்துக்குத் தன் எதிர்பார்ப்புகளைப் பழக்கிக்கொண்ட ஒரு வாசகக் கூட்டம் உண்டாக, 1959-ல் செல்லப்பாவின் 'எழுத்து' வர வேண்டியிருந்தது. இடைப்பட்ட இருபத்தைந்து வருஷமும் வாசகன் தயாராவதற்குப் பிடித்த காலம் என்றுதான் நான் எண்ணுகிறேன். 'எழுத்து' செய்த பெரிய காரியம் கவிதைகளைப் பிரசுரித்தது மட்டும் இல்லை. பக்கத்திலேயே அவற்றை எப்படிப் படிப்பது என்று விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

வகையை உடைக்கிற படைப்பு வகையை நம்பித்தான் உடைக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம்: 1981-ல் வெளிவந்த சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்.' இது நாவலா என்ற கேள்வியில் அன்று நிறைய மை செலவாயிற்று. இல்லாத ஒரு மலையாள எழுத்தாளனுக்கு ஒரு தமிழ் எழுத்தாளன் எழுதும் வாழ்க்கைக் குறிப்பு. அதற்குள் அவனுடைய நாட்குறிப்புகள். ஜே.ஜே. இறக்கும் தேதி ஆல்பெர் காம்யு இறந்ததற்கு மறுநாள். காம்யு உண்மையாகவே 1960 ஜனவரி 4-ல் விபத்தில் இறந்தவர். உண்மையான சாவின் பக்கத்தில் கற்பனைச் சாவை வைத்ததும் வாழ்க்கை வரலாற்றிடம் நாம் காட்டும் நம்பிக்கை நம்மை அறியாமல் புறப்பட்டு வருகிறது. இது நாவல் என்ற அறிவு அதைத் தடுக்கிறது. இந்த இழுபறியில்தான் அந்தப் புத்தகத்தின் கேலியும் துக்கமும் நடக்கின்றன. 'இது நாவல் இல்லை' என்று தள்ளியவர்கள் கயிற்றின் ஒரு நுனியை விட்டார்கள். 'எல்லாம் எழுத்துதான்' என்பவர்களுக்கோ இழுபறியே கிடையாது. இரண்டு நுனியும் அவர்கள் கையில் இல்லை.

இனி நண்பரின் பதினோரு பக்கங்களுக்கு வருகிறேன். நான் அவரிடம் கேட்டது ஒரு சம்பவம், ஒரு திருப்பம், எல்லாம் போய்ச் சேரும் ஒரு முடிவு. இந்தக் கோரிக்கையின் வேர், 1842-ல் எட்கர் ஆலன் போ ஹாதார்னின் கதைகளுக்கு எழுதிய மதிப்புரையில் இருக்கிறது. ஒரே அமர்வில் படிக்கக்கூடியது, ஒரே விளைவை நோக்கி ஒவ்வொரு வார்த்தையும் நகர்வது என்பது போவின் இலக்கணம். அது நல்ல இலக்கணம். அதற்கு எழுதிய கதைகளுக்குப் பொருந்தும். நண்பர் எழுதியதற்கு நம்மிடம் வேறு பெயர் இருக்கிறது: கையறுநிலை. பாரி இறந்தபின் அவன் பெண்கள் பாடியதாகப் புறநானூற்றில் வரும் ஐந்தடிப் பாட்டு இந்தத் துறைதான். அதில் சம்பவம் விவரிக்கப்படுவதில்லை. இரண்டு பௌர்ணமிகள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படுகின்றன. ஒன்றில் தகப்பனும் மலையும் உண்டு, மற்றதில் இரண்டும் இல்லை. அழுகை என்ற பேச்சே கிடையாது. மிஞ்சியவர் மிஞ்சியதைப் பார்க்கிறார். கூற்று அவருடையது, களன் வெறுமையான இடம், காலம் அதற்குப் பிறகு.

கையறுநிலை என்று பெயர் சூட்டி அதோடு நிறுத்தினால், நானும் பாட்டியல்காரன்தான். பெயரால் என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த எதிர்பார்ப்போடு பதினோரு பக்கங்களை நினைவில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். முதல் பத்துப் பக்கங்களும் தங்கள் காரியத்தைச் சரியாகச் செய்கின்றன. குடை எங்கே மாட்டியிருந்தது, எந்தக் கம்பி வளைந்திருந்தது என்பதற்கு மேல் அங்கே எதுவும் தேவைப்படவில்லை. கெட்டுப்போனது கடைசிப் பக்கம், நான் பாராட்டிய பக்கம். சித்தப்பா வந்து அழுதவுடன் நமக்காக யாரோ அழுதுமுடித்துவிட்டார்கள். அந்த ஒரு பக்கத்தில்தான் அவர் சிறுகதை எழுத முயன்றிருக்கிறார், அநேகமாக என்னைப் போன்றவர்களுக்காக. தவறான வகையில் வைத்துப் படித்ததால் நல்லதைக் குறையென்றும் குறையை நல்லதென்றும் சொன்னேன். இது ரசனையின் பிசகு என்று தப்பிக்க முடியாது. விமர்சகனாக என் முதல் வேலையே அதைத் தெரிந்துகொள்வதுதான்.

செய்யுளியலின் முப்பத்துநான்கு உறுப்புகளில் கடைசி எட்டை வனப்பு என்பார்கள். அவற்றில் ஒன்று விருந்து. புதிதாகத் தொடுக்கப்பட்ட யாப்பு என்று உரையாசிரியர்கள் பொருள் சொல்கிறார்கள். இன்னும் எழுதப்படாத வகைக்கும் அந்த இலக்கணத்தில் இடம் ஒதுக்கியிருந்தது, அதுவும் வனப்பு என்ற தலைப்பின் கீழ். வீட்டுக்கு வருகிறவரைப் பார்த்து 'நீங்கள் எங்கள் உறவு இல்லையே' என்று வாசலில் யாரும் சொல்வதில்லை. எங்கிருந்து வருகிறார், என்ன வேண்டும் என்று கேட்கிறோம். சிறுபத்திரிகைகள் நடத்துகிற நாமே இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்கப்போகிறார்கள்?

சென்ற மாதம் நண்பரைப் பார்த்தேன். பிரதி இருக்கிறதா என்று விசாரித்தேன். பழைய காகிதங்களோடு எங்கேயாவது இருக்கும் என்றார். கையறுநிலை, போ, கடைசிப் பக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அதெல்லாம் சரி. அன்றைக்கு நீங்கள் அதைப் படித்தீர்களா?" என்று கேட்டார். படித்தேன் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.