அறிவு எதுவரை? நொபிலியின் ‘ஆத்தும நிர்ணயம்’

தத்துவம் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் துணையா, பகையா? இவ்வினாவுக்குத் தமிழிலேயே பழைய விடையொன்று உண்டு. 1606இல் மதுரை வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி இயற்றிய ‘ஆத்தும நிர்ணயம்’ என்னும் உரைநடை நூலே அது.

ஆன்மாவைப் பற்றி அவர் கைக்கொண்ட மரபு, அரிஸ்டாட்டிலிடம் தோன்றித் தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) வழியாக வந்தது. அதனை நம் போடிநாயக்கனூர் மலைச்சரிவைக் கொண்டே விளக்கலாம். ஏலச்செடிக்கு வளரும் ஆற்றல் மட்டுமே உண்டு. பொதி சுமக்கும் குதிரைக்குப் புலனுணர்வும் உண்டு. காயின் தரமறிந்து விலை கூறும் மனிதனுக்கோ சிந்தனையும் உண்டு. இவ்வாறு உள்ளவற்றை வகுப்பது மெய்ப்பொருளியல். புலன்களைக் கடந்து பொதுமையை அறிவதால் மனித ஆன்மா சடப்பொருளன்று எனக் காட்டுவது அறிவாய்வியல். தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பது அறவியல்.

இம்மூன்று கிளைகளிலும் நாம் நொபிலியுடன் நெடுந்தூரம் செல்ல இயலும். மறுபிறவியை மறுப்பதிலும் அவரோடு உடன்படுகிறோம். இதில் வியப்பில்லை. அக்குவினாஸ், இப்னு ஸீனாவிடம் (980–1037) கற்றவர். மனிதர் அனைவருக்கும் அறிவு ஒன்றே என்னும் இப்னு ருஷ்து வழியினரின் கருத்தை 1270இல் தனிநூலே எழுதி மறுத்தவர்.

ஆயினும் திரித்துவத்தை அறிவால் நிறுவ இயலாது, இறைவெளிப்பாட்டாலேயே ஏற்க வேண்டும் என்பது அக்குவினாஸின் சொந்த முடிவு. ஆகவே ஆன்மா பற்றிய வாதம் வென்றதனால் கிறிஸ்தவக் கோட்பாடு முழுவதும் வென்றதாகாது. இந்நூலை எடைபோட இதுவே தக்க அளவுகோல். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் மன்திக்கை ஏற்று, சான்றை மீறிய தத்துவ வாதங்களை மட்டுமே கண்டித்தார்கள்.

அவ்வளவுகோலை நம் கலாம் நூல்கள்மீதும் வைத்துப் பார்க்கத் துணிவோமா? பிறர் நூலில் தேடும் சான்றை நம் நூலிலும் தேடுவதே நீதி.