நான்கு தாவரங்கள் போதும்

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து சிறிய அளவில் ஜின் வடித்து விற்பது ஐரோப்பாவில் இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது. எல்லோரும் சொல்லிக்கொள்வது ஒன்றைத்தான்: எங்கள் மண்ணில், எங்கள் காட்டில் பறித்த செடிகொடிகளின் வாசனை இதில் இருக்கிறது. அடுத்து எண்ணிக்கை வரும். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கும் ‘தி பொட்டானிஸ்ட்’ ஜின்னில் அந்தத் தீவிலேயே பறித்த 22 தாவரங்கள். ஜெர்மனியின் ‘மங்கி 47’ கணக்கைப் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுமே நல்ல சரக்குதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு நிலத்தை நாக்குக்கு அறிமுகப்படுத்த இத்தனை பெரிய பட்டியல் வேண்டியதில்லை என்பது என் கட்சி. அதற்கு நான் காட்டும் சாட்சி பின்லாந்தின் க்யூரோ ஜின்.

2012இல் ஐந்து பின்லாந்து நண்பர்கள் சவுனாவில், அதாவது அவர்களுடைய வெந்நீராவிக் குளியல் அறையில், ரை என்ற தானியத்தில் வடித்த விஸ்கியைக் குடித்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். ரை ரொட்டியை இவ்வளவு சாப்பிடும் நாட்டில் ரை விஸ்கி வடிக்க ஏன் ஆளில்லை என்ற பேச்சு தொழிலாக முளைத்தது. நாட்டின் மேற்கே, இசோக்யூரோ என்ற சிற்றூரில் ஒரு பழைய பால்பண்ணைக் கட்டடத்தைப் பிடித்து, 2014இல் வடிக்கத் தொடங்கினார்கள். ஐரோப்பியச் சட்டப்படி மூன்று வருடமாவது மரப்பீப்பாயில் கிடந்தால்தான் அதற்கு விஸ்கி என்று பெயர். ஜின்னுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. அதனால் விஸ்கி முதிரும்வரை கடையை நடத்த ஜின் வடித்தார்கள். அப்போது ‘நபுவே’ என்ற பெயரில் வந்த அந்த ஜின், 2015இல் லண்டனின் ஐ.டபிள்யூ.எஸ்.சி. மதுபானப் போட்டியில் டானிக் கலந்து குடிக்கச் சிறந்த ஜின் என்ற பரிசை வாங்கியது. காசுக்காகச் செய்ததைக் கலை என்று கொண்டாடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கல்லாப்பெட்டிக்காகத் தொடங்கிய எத்தனையோ நல்ல காரியங்கள் உலகில் இருக்கின்றன. கோப்பையில் இருப்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு பெருமையைக் கழித்துவிடலாம். தங்கள் ஜின்னின் அடிச்சாராயம் ரையிலிருந்து வருவது என்று க்யூரோக்காரர்கள் அழுத்திச் சொல்வார்கள். ஆனால் ஜின்னுக்கு எடுக்கும் சாராயம் 96 சதவீதம் வரை சுத்தமாக்கப்பட்டது. அந்த உயரத்தில் தானியத்தின் குணம் பெரும்பாலும் கழன்றுபோய்விடும். மிஞ்சுவது லேசான மிளகுக் காரம், அதுவும் தேடினால்தான். ஆகவே ஊர் வாசனை வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். அது நான்கு தாவரங்களிலிருந்து வருகிறது: மெடோஸ்வீட் பூ, பிர்ச் இலை, சீபக்தார்ன் பழம், கிரான்பெர்ரி. ஜூனிப்பர் காய், கொத்தமல்லி விதை போன்ற உலர்ந்த சரக்குகளைச் சாராயத்தில் ஊறவைத்து வடிக்கிறார்கள். இந்த நான்கையும் தனியே வடித்துப் பின்னால் சேர்க்கிறார்கள். விதைக்கும் வேருக்கும் நீண்ட ஊறலும் சூடும் வேண்டும். பூவையும் இலையையும் அதே பானையில் போட்டால் வெந்த கீரை வாசம் வந்துவிடும். தனியே வடித்தால் எதை எவ்வளவு சேர்ப்பது என்பதும் கலப்பவர் கையில் இருக்கும். ஜின் என்றால் ஜூனிப்பர் மேலோங்கி நிற்க வேண்டும் என்பது சட்டம். கச்சேரியில் பாடகர் அவர்தான். பக்கவாத்தியம் நான்கு பேர் என்றால் ஒவ்வொருவர் வாசிப்பும் காதில் விழும். இருபது பேர் உட்கார்ந்தால் மேடை அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

நான்கில் பழங்கள் இரண்டும் ஒரு சூட்சுமத்தைக் காட்டுகின்றன. லடாக்கிலும் விளைகிற சீபக்தார்ன், கிரான்பெர்ரி இரண்டுமே பல் கூசும் புளிப்பு. ஆனால் பழத்தின் புளிப்புக்குக் காரணமான அமிலங்கள் ஆவியாகி ஏறுவதில்லை, சர்க்கரையும் அப்படியே. வாலையின் அடியிலேயே தங்கிவிடும். மேலே வருவது பழத்தின் மணம் மட்டும். அதனால் க்யூரோவை முகரும்போது எதிர்பார்க்கிற புளிப்பு வாயில் கிடைப்பதில்லை. இதைத் தெரிந்தவர்கள்தான் டானிக் கலந்த கோப்பையில் நாலு கிரான்பெர்ரியையும் ஒரு ரோஸ்மேரி இணுக்கையும் போடச் சொல்கிறார்கள். வாலையில் விட்டுப்போன புளிப்பு கோப்பையில் திரும்பி வந்துவிடுகிறது. அலங்காரம் என்று அதை ஒதுக்குபவர் பாதி ஜின்னைத்தான் குடிக்கிறார். மிச்சம் இரண்டில், மெடோஸ்வீட் ஈரப் புல்வெளிகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் கோடையில் பூப்பது. தேனும் பாதாமும் கலந்த மணம், அடியில் கொஞ்சம் மருந்து வாடை. பிர்ச் இலைதான் என் கணக்கில் முக்கியம். பின்லாந்துக்காரர்கள் சவுனாவில் உடம்பில் தட்டிக்கொள்ளும் கொத்து, இலையோடு கூடிய பிர்ச் கிளைகளால் கட்டியது. அந்த நாட்டில் வளர்ந்தவருக்கு அந்தப் பச்சை வாசம் கோடையின் வாசம். வெறும் அபூர்வச் செடியைத் தேடிப் பிடிக்காமல், ஊர் மக்களின் தோலிலேயே ஏறியிருக்கும் வாசனையைத் தேர்ந்தெடுத்ததில் ரசனை இருக்கிறது.

கொத்தமல்லி பின்லாந்துக் காட்டிலா முளைக்கிறது என்று மடக்கலாம். இல்லைதான். முழுக்க முழுக்க உள்ளூர்ச் சரக்கு என்று எந்த ஜின்னும் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. ஊரின் குரல் தனியாகக் கேட்கிறதா என்பதே கேள்வி. வேறு வழியும் உண்டு: கோவாவில் வடிக்கும் ‘ஹபுசா’ பாடகரையே மாற்றி, இமயமலை ஜூனிப்பரை முன்னால் நிறுத்துகிறது. இதைவிடக் கனமான ஆட்சேபம், காட்டைச் சுரண்டுவது பற்றியது. ஜின் மோகம் செடிகளுக்கு ஆகாது என்ற கவலை நியாயமானது. பின்லாந்தில் யாருடைய நிலமானாலும் காட்டுப் பழத்தையும் பாதுகாக்கப்படாத பூக்களையும் எவரும் பறிக்கலாம்; ஆனால் நிற்கும் மரத்தின் இலையைத் தொட நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். பழம் அடுத்த வருடம் காய்க்கும், இலை போனால் மரம் இளைக்கும். நீண்ட பட்டியல் போடுகிறவர்களுக்கு இங்கேதான் சிக்கல்: செடி ஒவ்வொன்றுக்கும் பருவம், அளவு, மறுமுளைப்பு பார்க்க வேண்டும். நான்கு என்றால் பார்த்துவிடலாம்.

க்யூரோ கைக்குக் கிடைத்தால் உடனே டானிக்கை ஊற்றிவிடாதீர்கள். 46.3 சதவீதம் ஆல்கஹால் என்பதால் கொஞ்சம் தண்ணீர் மட்டும் விட்டு, ஐஸ் இல்லாமல் முதல் மடக்கைக் குடியுங்கள். டானிக்கின் குவினைன் கசப்பு வந்த பிறகு பிர்ச் தெரியாது.