நம்பர் ஒன்னுக்கு என்ன ஆயிற்று?

1969 ஜூன் 3 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் 79ஆவது எபிசோடு ஒளிபரப்பானது. அதுவே கடைசி. மூன்று பருவங்களாக விண்வெளியில் அலைந்த என்டர்பிரைஸ் கலத்தின் கேப்டன் கர்க், அதில் கடைசியாகப் பேசுவது ஒரு பெண்ணைப் பற்றி. எந்தப் பெண்ணின் வாழ்க்கையையும்போல அவளுடைய வாழ்க்கையும் வளமாக இருந்திருக்கலாம், ஆனால் என்று இழுத்து, வாக்கியத்தை முடிக்காமலே நடந்துபோகிறார்.

அந்தப் பெண்ணின் பெயர் ஜானிஸ் லெஸ்டர். விண்கலத்தின் கேப்டனாக விரும்பியவள். அது கிடைக்காததால், வேற்றுக் கிரகம் ஒன்றில் கண்டெடுத்த கருவியைக் கொண்டு கர்க்கின் உடலுக்குள் தான் புகுந்து, தன் உடலுக்குள் அவரை அடைத்துவிடுகிறாள். தன்னோடு வந்த ஆய்வுக் குழுவினரின் சாவுக்கும் அவள் காரணம். ஆகவே அவளைத் தண்டிக்கக் கதைக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் கர்க் வருந்துவது அவள் செய்த கொலைகளுக்காக அல்ல. அவள் தன் இடத்தில் நிறைவாக இருக்கத் தெரியாமல் போனதற்காக.

இந்த 'டர்ன்அபவுட் இன்ட்ரூடர்' எபிசோடைக் குறை சொன்னால் உடனே வரும் பதில் ஒன்றுதான்: "அந்தக் காலம் அப்படி." பழைய படங்களைப் பற்றியும் பழைய இலக்கியத்தைப் பற்றியும் வகுப்பறைகளில் நாம் கேட்டுச் சலித்த அதே பதில். ஸ்டார் ட்ரெக் விஷயத்தில் இந்தப் பதில் செல்லாது. செல்லாது என்பதற்கான சாட்சியம் வெளியில் எங்கும் இல்லை, அந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பார்க்க, மேஜல் பாரெட் என்ற ஒரே நடிகையை மட்டும் எபிசோடு எபிசோடாகப் பின்தொடர்ந்தால் போதும்.

தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி எழுதிய முதல் மாதிரி எபிசோடு 'தி கேஜ்'. 1964 இறுதியில் படப்பிடிப்பு தொடங்கியது. அதில் கர்க் இல்லை, பைக் என்பவர் கேப்டன். அவருக்கு அடுத்த நிலை அதிகாரி ஒரு பெண். மேஜல் பாரெட் ஏற்ற பாத்திரம் அது. அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது, எல்லோரும் 'நம்பர் ஒன்' என்றே அழைக்கிறார்கள். கருங்கூந்தல், ஆண்கள் அணியும் அதே கால்சட்டைச் சீருடை, பதற்றமற்ற முகம். கலத்தின் கட்டளை மேடையில் ஒரு பெண் நிற்பது தனக்கு இன்னும் பழகவில்லை என்று பைக் சொல்கிறார். சொன்ன பிறகுதான் நம்பர் ஒன் பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்து, நீ வேறு மாதிரி என்று சமாளிக்கிறார். வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணுக்கும் இந்தச் சமாதானத்தின் சுவை தெரியும். திறமை இருந்தால் நம்மைப் பெண் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள்.

ஆனாலும் கதை அவளுக்கு வேலை கொடுக்கிறது. பைக் சிறைப்பட்டதும் கலம் அவள் கைக்கு வருகிறது. முடிவில் அவளும் சிறைப்படுகிறாள். மனிதர்களை அடிமை இனமாக வளர்க்கத் திட்டமிடும் டாலோஸ் கிரகவாசிகளுக்கு முன்னால், தன் ஆயுதத்தை வெடிக்கும் நிலைக்கு முடுக்கிவிடுபவள் அவள்தான். அடிமைகளாக வாழ ஒரு இனத்தை உருவாக்குவது தவறு என்று சொல்வதும் அவளே. உயிரைவிடச் சுதந்திரம் பெரிது என்ற, பிற்காலத்தில் ஸ்டார் ட்ரெக்கின் அறமாகக் கொண்டாடப்பட்ட முடிவை முதலில் எடுத்தது ஒரு பெண்.

என்.பி.சி. அந்த எபிசோடை ஏற்காமல் இன்னொன்றை எடுக்கச் சொன்னது. நம்பர் ஒன் காணாமல் போனாள். அதிகாரத்தில் ஒரு பெண் இருப்பதை நிறுவனம் ஏற்கவில்லை என்று ராடன்பெரி பின்னாளில் சொன்னார். நிறுவனத்துக்குச் சிக்கல் பெண் பாத்திரம் அல்ல, தன்னோடு உறவிலிருந்த நடிகையை அவர் அந்த இடத்தில் வைத்ததுதான் என்று, தொடரின் தயாரிப்பில் இருந்த ஹெர்பர்ட் சோலோவும் ராபர்ட் ஜஸ்ட்மனும் 1996இல் வெளியான தங்கள் நூலில் சொன்னார்கள். இரண்டில் எதை நம்பினாலும் ஒரு கேள்வி மிஞ்சும். நடிகைதான் சிக்கல் என்றால் வேறொரு நடிகையைப் போட்டிருக்கலாமே. கூர்க்காது கொண்ட ஸ்பாக்கையும் நீக்கச் சொன்னார்கள் என்பதும் ராடன்பெரி சொன்ன கதைதான். அவர் போராடிக் காப்பாற்றியது ஸ்பாக்கை.

காப்பாற்றியதோடு நிற்கவில்லை. 'தி கேஜ்' எபிசோடில் ஸ்பாக் சிரிக்கிறார், குரல் உயர்த்திக் கத்துகிறார். உணர்ச்சியைக் காட்டாத அறிவு அப்போது நம்பர் ஒன்னுடைய குணம். அவளை எடுத்துவிட்டு, அவளது குணத்தையும் அவளது பதவியையும் ஸ்பாக்குக்குக் கொடுத்தார்கள். உலகம் முழுக்கப் போற்றப்படும் ஸ்பாக்கின் தர்க்க அறிவு ஒரு பெண் பாத்திரத்திடமிருந்து எடுத்துக்கொண்டது.

இதைவிட விந்தை, அவள் இருந்த தடயம் தொடருக்குள்ளேயே தங்கிவிட்டது. 1966 நவம்பரில் இரு பகுதிகளாக வந்த 'தி மெனாஜரி' எபிசோடில், வீணாகக் கிடந்த பழைய காட்சிகளை எடுத்துப் பயன்படுத்தினார்கள். கதைப்படி அவை 13 ஆண்டுகளுக்கு முன் இதே கலத்தில் நடந்தவை. அப்படியானால் கர்க்கின் காலத்துக்கு 13 ஆண்டுகள் முன்பே என்டர்பிரைஸை ஒரு பெண் நடத்தியிருக்கிறாள், யாரும் அதை அதிசயமாகப் பேசவில்லை. இப்போது அதே மேடையில் இருக்கும் பெண்களுக்குக் குட்டைப் பாவாடைச் சீருடை. அதை விடுதலையின் அடையாளமாகக் கண்ட பெண்களும் அன்று இருந்தார்கள். ஆனால் யாருக்கும் கட்டளைப் பொறுப்பு இல்லை. எதிர்காலத்தைப் பற்றிய இந்தக் கதையில் பெண்களின் வரலாறு மட்டும் பின்னோக்கி நகர்ந்திருக்கிறது.

மேஜல் பாரெட் திரும்பி வந்தார், பொன்னிறக் கூந்தலோடு. இப்போது அவர் செவிலி கிறிஸ்டின் சாப்பல். 1966 அக்டோபரில் வந்த 'வாட் ஆர் லிட்டில் கேர்ள்ஸ் மேட் ஆஃப்?' எபிசோடில் அவளது முன்கதை தெரிகிறது. உயிரியல் ஆய்வைத் தொழிலாகக் கொண்டிருந்தவள், காணாமல்போன காதலனைத் தேடுவதற்காக அதை விட்டுவிட்டுக் கலத்தில் சேர்ந்திருக்கிறாள். அதற்கு மூன்று வாரம் முன்பு வந்த 'தி நேக்கட் டைம்' எபிசோடில், மனக்கட்டுப்பாட்டைக் குலைக்கும் ஒரு தொற்று கலம் முழுக்கப் பரவுகிறது. அப்போது சாப்பல் ஸ்பாக்கின் கையைப் பிடித்துக்கொண்டு தன் காதலைச் சொல்கிறாள். 1967இல் வந்த 'அமோக் டைம்' எபிசோடில், சாப்பிடாமல் இருக்கும் ஸ்பாக்குக்கு அவளே சூப் வைத்து எடுத்துப் போகிறாள். ஸ்பாக் கிண்ணத்தோடு அதை வெளியே வீசி எறிகிறார்.

பலரும் சிரித்துக் கடக்கும் காட்சி இது. நம்பர் ஒன்னை நினைவில் வைத்துப் பார்த்தால் சிரிக்க முடியாது. ஒரு பெண்ணிடமிருந்து அறிவையும் நிதானத்தையும் பதவியையும் எடுத்து ஓர் ஆணிடம் கொடுத்தார்கள். பிறகு அதே பெண்ணைக் கூட்டிவந்து, அந்த ஆணை ஏங்கி நேசிக்க வைத்தார்கள். தன்னிடமிருந்து போனதையே தூர நின்று காதலிக்கிறாள் சாப்பல். யாரும் இதைத் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. ஆணாதிக்கத்துக்குத் திட்டம் தேவையில்லை, பழக்கம் போதும்.

மூன்றாவதாக, அதே நடிகையின் குரல் கலத்தின் கணினிக்கும் பயன்பட்டது. கேட்டதற்குப் பதில் சொல்லும், ஏவியதைச் செய்யும் குரல். 1967இன் தொடக்கத்தில் வந்த 'டுமாரோ இஸ் யெஸ்டர்டே' எபிசோடில் அந்தக் கணினி கர்க்கை அன்பே என்று கொஞ்சி அழைக்கிறது. பெண்கள் ஆளும் கிரகம் ஒன்றில் பழுதுபார்க்க விட்டபோது, கணினிக்கு ஆளுமை போதவில்லை என்று அவர்கள் ஒரு பெண் ஆளுமையைச் சேர்த்துவிட்டார்களாம். கர்க்குக்கு எரிச்சல். எழுதியது டி.சி. ஃபான்டானா. பெண்ணென்று தெரியக்கூடாது என்பதற்காகவே டோரதி என்ற தன் பெயரை முதலெழுத்துகளுக்குள் மறைத்துக்கொண்ட எழுத்தாளர் அவர். பணிவான குரலுக்குச் சொந்தமாக ஒரு குணம் வந்தால் ஆண்கள் அதைப் பழுது என்பார்கள் என்று அவர் சிரித்தபடி எழுதியதாகவே எனக்குப் படுகிறது.

ஃபான்டானா எழுதிய இன்னோர் எபிசோடு, 1968இல் வந்த 'தி என்டர்பிரைஸ் இன்சிடென்ட்'. அதில் எதிரிகளான ராமுலன்களின் படைத் தளபதி ஒரு பெண். கம்பீரமானவள், கூர்மையானவள். பெண் தளபதியைக் கற்பனை செய்ய அமெரிக்கத் தொலைக்காட்சியால் முடியாது என்ற வாதம் இங்கேயும் உடைகிறது. எதிரிக் கப்பலில் முடிகிறது, நம் கப்பலில்தான் முடியவில்லை. அவளும் ஸ்பாக்கை நம்பித் தோற்கிறாள். அவள் தன் பெயரை ஸ்பாக்கின் காதில் மட்டும் சொல்கிறாள், நமக்குக் கேட்பதில்லை. நம்பர் ஒன்னுக்குப் பெயரில்லை. இந்தத் தளபதியின் பெயர் நமக்குத் தெரியாது. உஹூராவின் முதற்பெயரும் இந்த 79 எபிசோடுகளில் ஒருமுறைகூட உச்சரிக்கப்படவில்லை.

இனிக் கடைசி எபிசோடுக்குத் திரும்பலாம். அதன் கதை ராடன்பெரியுடையது, நம்பர் ஒன்னை உருவாக்கிய அதே கை. கேப்டன்களின் உங்கள் உலகத்தில் பெண்களுக்கு இடமில்லை என்று லெஸ்டர் சொல்கிறாள். அது நியாயமில்லை என்று கர்க்கும் ஒப்புக்கொள்கிறார். இது அவர்களுடைய தனிப்பட்ட காதல் கசப்பைப் பற்றிய பேச்சு, சட்டத்தைப் பற்றியது அல்ல என்று விளக்கம் சொல்லும் ரசிகர்கள் உண்டு. ஆனால் 79 எபிசோடுகளில் கர்க்கின் படையில் ஒரு பெண் கேப்டனைக்கூட நாம் பார்க்கவில்லை. லெஸ்டர் சொல்வது நாம் கண்ணால் கண்டதைத்தான்.

இந்த எபிசோடில் பெண்ணாக நடிக்கும் வில்லியம் ஷாட்னர் நகம் ராவுகிறார், கத்துகிறார், மேசையைக் குத்துகிறார். கேப்டனைக் காய்ச்சலிலும் போதையிலும் கோபத்திலும் பார்த்திருக்கிறேன், ஹிஸ்டீரியாவில் பார்த்ததில்லை என்று பொறியாளர் ஸ்காட்டி சொல்லும்போது, உள்ளே இருப்பது பெண் என்பதற்கு அதுவே சான்றாகிவிடுகிறது. மறுபுறம் லெஸ்டரின் உடலுக்குள் இருக்கும் கர்க்காக நடிக்கும் சாண்ட்ரா ஸ்மித், நிமிர்ந்து உட்கார்கிறார், தாழ்ந்த குரலில் அளந்து பேசுகிறார். அந்தக் காட்சிகளில் பார்வையாளர் கண்முன் ஒரு பெண்ணுடல் கேப்டனாகவே இருக்கிறது. கதை எதை முடியாது என்கிறதோ, அதை அந்த நடிகை செய்து காட்டிவிடுகிறார்.

உண்மை பேசும் அந்தப் பெண்ணுடலுக்கு என்ன நடக்கிறது? மயக்க மருந்து, தனியறை, காவல். பொறுப்புச் செவிலி சாப்பல். யாரும் நம்பவில்லை. ஸ்பாக் தன் மனத்தால் அவள் மனத்தைத் தொட்டுப் பார்த்த பிறகே நம்புகிறார். 1966இல் வந்த 'தி எனமி விதின்' இங்கே நினைவுக்கு வரவேண்டும். கருவிக் கோளாறால் இரண்டாகப் பிரிந்த கர்க்கின் தீய பாதி, ஜானிஸ் ராண்ட் என்ற ஊழியரின் அறையில் அவளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்க முயல்கிறது. முகத்தைக் கீறித் தப்பிக்கும் அவள், அதே முகமுள்ள கேப்டன் முன் நின்று சொல்லவேண்டியிருக்கிறது. உங்களைச் சிக்கலில் மாட்டிவிட விரும்பவில்லை, சொல்லியிருக்கவே மாட்டேன் என்று அழுகிறாள். முடிவில், அந்தப் போலிக்குச் சில சுவையான குணங்கள் இருந்தன அல்லவா என்று ஸ்பாக் அவளைச் சீண்டுகிறார். ராண்டாக நடித்த கிரேஸ் லீ விட்னி முதல் பருவத்திலேயே தொடரிலிருந்து நீக்கப்பட்டார். தயாரிப்பில் அதிகாரத்தில் இருந்த ஒருவர் தன்னைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாக, பெயர் சொல்லாமல், 1998இல் தன் தன்வரலாற்றில் எழுதினார். சொல்ல 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

பிறகு ஏன் இந்தத் தொடரைப் பார்க்கவேண்டும்? பெண்கள் இதை ஏற்கெனவே தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்பதால். தொடரை விட்டு விலக நினைத்த நிஷெல் நிக்கோல்ஸிடம், உஹூரா பாத்திரத்தில் தொடரவேண்டும் என்று மார்ட்டின் லூதர் கிங் வற்புறுத்தியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1977இல் நாசாவுக்காகப் பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளிப் பணிக்கு அழைக்கும் வேலையை அவர் செய்தார். உஹூராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். இரண்டாம் பருவத்தோடு தொடர் நின்றுவிடும் என்ற பேச்சு வந்தபோது, அதைக் காப்பாற்றிய கடித இயக்கத்தைத் தன் கணவரோடு சேர்ந்து முன்னின்று நடத்தியவர் பிஜோ டிரிம்பிள் என்ற பெண். அந்தக் கடிதங்கள் பெற்றுத் தந்த மூன்றாம் பருவத்தின் கடைசி எபிசோடுதான் லெஸ்டருடையது. உஹூரா அந்த எபிசோடில் இல்லவே இல்லை.

ஸ்டார் ட்ரெக் தொடர் ஒன்றின் மையத்தில் ஒரு பெண் கேப்டன் வந்து உட்கார 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'வாயேஜர்' தொடரின் கேத்ரின் ஜேன்வே. கர்க்கின் முடியாத வாக்கியத்துக்குப் பின் 26 ஆண்டுகள். நம்பர் ஒன் திரும்பவும் வந்தாள், 2022இல் தொடங்கிய ஒரு தொடரில், வேறொரு நடிகை நடிக்க, ஊனா என்ற பெயரோடு.

'வாயேஜர்' பார்க்கும்போது ஒன்றைக் கவனித்துக் கேளுங்கள். ஜேன்வே தன் நாற்காலியிலிருந்து கணினியிடம் ஏதோ கேட்கிறாள். பதில் சொல்லும் குரல் மேஜல் பாரெட்டுடையது.