கூடியிருத்தலின் மேற்பரப்பு: அகுன்யிலி குறொஸ்பியின் ஒட்டோவியங்கள் குறித்து

என்ஜிடேக்கா அகுன்யிலி குறொஸ்பி பற்றி மேற்கில் எழுதப்படும் கட்டுரைகளில் இரண்டு தொடர்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. ஒன்று 'கலப்பு அடையாளம்'. மற்றது 'இரு உலகங்களுக்கு இடையே'. புலம்பெயர்ந்த எவரது படைப்பின் மீதும் குத்தக்கூடிய முத்திரைகள் இவை. எமது எழுத்துக்களின் மீதும் குத்தப்பட்டிருக்கின்றன. நாமே விரும்பிக் குத்திக்கொண்டதும் உண்டு. இவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, இவரது படங்களில் மனிதர்கள் எப்படிக் கூடியிருக்கிறார்கள் என்பதை மட்டும் பார்க்க விரும்புகிறேன். கூடியிருத்தலை எப்படிச் சித்திரிப்பது என்பது எமக்கும் தீராத பிரச்சினையாகவே இருந்து வருகிறது.

முதலில் சில விபரங்கள். இவர் 1983இல் நைஜீரியாவின் எனுகு நகரில் பிறந்தவர். தந்தை சத்திரசிகிச்சை நிபுணர். தாய் டோரா அகுன்யிலி மருந்தியல் பேராசிரியர். 2001 முதல் 2008 வரை அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்துக்குத் தலைமை தாங்கிப் போலி மருந்து வியாபாரிகளோடு மோதியவர். தாய்க்கு அமெரிக்க வதிவிட அனுமதி குலுக்கலில் விழுந்தது. மகள் 1999இல் அங்கு போனார். 2011இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஓவியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆக, இவர் அகதி அல்ல. ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி, காட்டுவழியாக எல்லை கடந்து வந்தவரும் அல்ல. எம்மோடு ஒப்பிட முனையும்போது இந்த வேறுபாட்டை மறைத்துவிடக் கூடாது.

2012இல் வரைந்த ஒரு படத்துக்கு அவர் இட்ட தலைப்பு வெறும் விலாசம்: '5, உமேசெபி வீதி, நியூ ஹேவன், எனுகு'. ஒரு வரவேற்பறையில் பெரியவர்களும் குழந்தைகளும் கூடியிருக்கிறார்கள். நியூ ஹேவன் என்பது எனுகுவின் ஒரு பகுதி. யேல் பல்கலைக்கழகம் இருக்கும் அமெரிக்க நகரத்தின் பெயரும் அதுவே. தலைப்பில் ஊரின் பெயரையும் சேர்த்து எழுதவேண்டிய தேவை அவருக்கு ஏன் வந்தது என்று கேட்டால், இரு உலகக் கதையை நீட்டி முழக்காமலே விடை கிடைத்துவிடுகிறது.

படத்தை எட்ட நின்று பார்த்தால் ஒரு வீடு தெரிகிறது. கிட்டப் போனால் அந்த வீடு கலைந்து போகிறது. சுவர், தரை, கதிரை, உடுப்பு எல்லாவற்றிலும் சிறிய சிறிய படங்கள் நெருங்கிக் கிடக்கின்றன: குடும்பப் புகைப்படங்கள், பாடகர்கள், சஞ்சிகைப் பக்கங்கள், பிரித்தானியப் பாணியில் பொய்முடி அணிந்த நைஜீரியச் சட்டத்தரணிகள், அரசியல்வாதிகள். தாயின் முகம் அச்சிட்ட துணியும் வேறு சில படங்களில் வருகிறது. மரணவீட்டுக்கும் கலியாணத்துக்கும் தேர்தலுக்கும் ஒருவரின் முகத்தைத் துணியில் அச்சிட்டு அணிவது அந்நாட்டு வழக்கம்.

எனவே அந்த அறையில் இருப்பவை இரண்டு கூட்டங்கள். ஒன்று, தூரிகையால் தீட்டப்பட்டு, அமைதியாக உட்கார்ந்திருக்கும் உறவினர் கூட்டம். மற்றது, அச்சிலிருந்து வந்து சுவரிலும் தரையிலும் படிந்துவிட்ட பொதுக்கூட்டம். முதலாவது கூட்டம் இரண்டாவதைப் பார்ப்பதில்லை. அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. குடும்பம் என்பது அரசியலுக்கு வெளியே உள்ள தனி வெளி என்ற எண்ணத்தை இந்த ஓவியங்கள் ஒரு சுலோகமும் இல்லாமல் உடைக்கின்றன.

இதற்கு அவர் கையாளும் முறை மிக எளியது. படங்களைப் பிரதி எடுத்து, அவற்றைக் காகிதத்தில் கவிழ்த்து, நகப்பூச்சு அழிக்கப் பயன்படும் அசெற்றோனால் நனைத்துத் தேய்த்தால் மை இளகி இடம்மாறுகிறது. முன்கூட்டியே திருப்பி அச்சிடாவிட்டால் உருவம் இடம்வலம் மாறி விழும். மை முழுதாக வராது, ஓரங்கள் மங்கும். போட்டோக்கொப்பி மெஷினில் சஞ்சிகை அடித்து, ஸ்ரேப்பிள் குத்தித் தபாலில் அனுப்பிய எம்மவர்க்கு இந்த மங்கல் பழக்கமானது. நினைவு இங்கு உள்ளத்தின் ஆழத்திலிருந்து ஊறி வரும் புனிதப்பொருளாக வருவதில்லை. பிரதியின் பிரதியாக, பலர் கைபட்டதாகவே வருகிறது. இவரைத் தாயக ஏக்கத்தின் ஓவியராகக் காண்பவர்களோடு நான் உடன்படாததற்கு இதுவே காரணம். ஏக்கம் இழந்ததை முழுமையாகக் காட்ட விரும்பும். இவரோ தேய்ந்துபோன பிரதியையே காட்டுகிறார்.

2012இன் இன்னொரு படத்தின் தலைப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: 'வேறுமாதிரித் தோன்றினாலும், நான் எப்போதும் உன்னை நோக்கியே இருக்கிறேன்'. எமது கொண்டாட்ட வீடியோக்களை இதற்கு எதிரே வைத்துப் பாருங்கள். ரொறன்ரோவிலோ பாரிஸிலோ ஒரு சாமத்தியச் சடங்கு. எல்லோரும் கமராவை நோக்கி நிற்கிறார்கள். பின்னால் கோயில் கோபுரம் வரைந்த திரை. அந்தத் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

என் விமர்சனமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. எனுகு சாதாரண நகரமல்ல. 1967 மே 30இல் பயாப்ரா தனிநாடாகப் பிரகடனப்படுத்தப்பட்டபோது அதன் தலைநகரம் அதுவே. அதே ஆண்டு ஒக்டோபரில் நகரம் வீழ்ந்தது. 1970 ஜனவரியில் பயாப்ரா சரணடைந்தது. பட்டினியாலும் போராலும் மாண்டவர்களின் தொகை ஐந்து லட்சம் முதல் முப்பது லட்சம் வரை மதிப்பிடப்படுகிறது. ஓவியரின் பெற்றோரது தலைமுறை அப்போது சிறுவர்களாக இருந்தது. ஆனால் யுத்தம் இந்தப் படங்களின் மையப்பொருள் அல்ல. தோல்விக்குப் பின் பிறந்தவர்களின் பாடல்களும் பாஷன்களும் நடுத்தர வர்க்கத்து வரவேற்பறையின் வசதியுமே முன்னுக்கு நிற்கின்றன.

எல்லோரும் பிணங்களையே வரைய வேண்டும் என்று கலைஞரிடம் கேட்பது அதிகாரம். அதை எமது இயக்கங்கள் போதுமான அளவு செய்து முடித்துவிட்டன. நான் கேட்பது வேறு. இந்தச் செழிப்பான மேற்பரப்பு சந்தைக்கு இவ்வளவு இதமாக இருப்பது ஏன்? 2016 நவம்பரில் இவரது ஓவியமொன்று நியூயோர்க் ஏலத்தில் பத்து லட்சம் டொலரைத் தாண்டியது. 2017 மார்ச்சில் லண்டனில் இன்னொன்று முப்பது லட்சம் டொலரை எட்டியது. ஏலத்தில் இலாபம் பார்ப்பவர் விற்பவரே. அதற்காக ஓவியரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் வாங்குபவர் எட்ட நின்று அழகிய அறையை மட்டும் பார்த்துவிட்டுப் போகவும் இந்தப் படங்கள் இடம் தருகின்றன. கிட்டப் போவதைக் கட்டாயமாக்கும் ஒரு முள் அவற்றில் இல்லை.

முறை என்ற வகையில் மட்டும் இது எமக்கு மிக முக்கியமானது. 2009 மே மாதத்துக்குப் பின் எம்மிடம் இரண்டு வகைப் படங்களே எஞ்சின. ஊர்வலங்களில் தூக்கிப்பிடிக்கும் முள்ளிவாய்க்காலின் உடல்கள் ஒன்று. மண்டபங்களில் எடுக்கும் விருந்துப் படங்கள் மற்றது. ஒரே மனிதர்களே இரண்டிலும் நிற்கிறார்கள். ஆனால் இரண்டையும் ஒரே மேற்பரப்பில் வைத்துப் பார்க்கும் துணிவு எமக்கு இன்னும் வரவில்லை.

அப்படி ஒரு வரவேற்பறையை எம்மவர் ஒருவர் தீட்டினால், அதன் சுவரில் யார் யார் படிவார்கள்? காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களை ஏந்தி நிற்கும் தாய்மாரும் மாவீரர் சுவரொட்டிகளும் வருவது நிச்சயம். 1989இல் யாழ்ப்பாணத்தில் சுடப்பட்ட ராஜினி திரணகமவும், 1994இல் பாரிஸில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்ட சபாலிங்கமும், 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களும் அதே சுவரில் வருவார்களா? அல்லது அந்த இடத்தில் மட்டும் ஒரு கோபுரத் திரையைத் தொங்கவிடுவோமா? எம்மிடையே வரைபவர்களோடும் இது பற்றிப் பேச விரும்புகிறேன்.