கிறீன் வைத்தியரின் தமிழ் மருத்துவ நூல்கள்: ஒரு மதிப்பீடு

கொடுக்குந்தோறும் வளர்வது கல்வி என்பர் ஆன்றோர். ஆயினும், யாழ்ப்பாணத்து மருத்துவ அறிவு நெடுங்காலம் ஏட்டுச்சுவடிகளிலும் பரம்பரைக் கைமுறையிலும் அடங்கிக் கிடந்தது. குழூஉக்குறியால் மறைக்கப்பட்ட மருந்துமுறை, அதனை அறிந்தவர் மறைந்தவழி உடன் மறைந்ததும் உண்டு. இதற்கு மாறான நெறியில் எழுந்தவை அமெரிக்க மிஷன் மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884) வெளிப்படுத்திய நூல்கள்.

1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்திலும் பின்னர்த் தமிழிலும் கற்பித்தார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60க்கு மேற்பட்டோர். ‘இரணவைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875) முதலிய நூல்கள் அக்கல்வியின் பொருட்டு எழுந்தவை. இவை ஒருவர் தனித்துச் செய்தவை அல்ல. மேலைச் சாத்திரமறிந்த ஆசிரியரும் தமிழ் வழக்கறிந்த மாணாக்கரும் கூடிச் செய்தவை. 1873இல் தாயகம் மீண்ட பின்னரும் கிறீன் இப்பணியைக் கைவிட்டாரல்லர்.

இந்நூல்களின் உயிர்நிலை கலைச்சொல்லாக்கமே. தமிழில் வழங்கும் சொல்லை முதலில் நாடி, அது கிடையாதவிடத்து வடசொல்லையும், அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவத்தையும் கொள்வது அவர் முறை. அம்முறை நேரிது, ஆயினும் அது நடைமுறையில் எங்கும் செவ்வனே அமைந்ததெனல் இயலாது. ‘அங்காதிபாதம்’, ‘சுகரணம்’ போன்ற வடசொற்கள் மிக்குச் செறிதலின் நடை கடினமாயிற்று. ‘கெமிஸ்தம்’ என்பதும் வழக்கில் நிலைக்கவில்லை. இன்று மாணவர் அறிவது இரசாயனவியலே. எனினும், குறையுடைய சொல்லாயினும் பலரறியப் பதிப்பிக்கப்பட்டமையின், பின்வந்தோர் அதனை ஆராய்ந்து திருத்தவும் தள்ளவும் இடமாயிற்று.

எழுத்திற் பதிதலின் பயனுக்குப் பிற்காலச் சான்றொன்று உண்டு. மஞ்சளாற் புண்ணாற்றும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் தனியுரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய வடமொழி நூற் சான்றையும் 1953ஆம் ஆண்டு மருத்துவ இதழ்க் கட்டுரையையும் காட்டி வழக்காட, 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. மஞ்சளைக் காத்தது மறைப்பன்று, ஏடும் அச்சுமே.

ஆயின், நூல் மட்டும் அமையாது. கிறீனுக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறாமையால், அவர்தம் நூல்கள் பயில்வாரின்றி நூலகப் பொருளாயின. சொல்லும் நூலும் அவற்றைக் கையாளும் மாணாக்கரும் ஒருங்கு நின்றாலன்றி அறிவுச் செல்வம் வழிவழி வாராது. கிறீனின் வெற்றி தோல்வி இரண்டும் உணர்த்தும் உண்மை இதுவே.